எடைக் குறைப்பு: அறிவுரைச் சீட்டு போதுமா?

உடல் எடையைக் குறைத்தால் நீரிழிவைத் தடுக்கலாம் என்பது 2002-லேயே நிறுவப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 7% எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்குகளாக வைக்கப்பட்டன. நோய் வாய்ப்பு 58% குறைந்தது; மெட்ஃபார்மின் மாத்திரையால் 31%தான். ஆனால், அதே திட்டம் நம் சுகாதார நிலையங்களுக்கு வரும்போது, 'நடங்க, சோற்றைக் குறைங்க' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது.

விடுபட்டுப்போனது பயிற்றுநரின் நேரம். அந்த ஆய்வில் ஒவ்வொருவருக்கும் 16 பாடங்கள் தனித்தனியே நடத்தப்பட்டன. அத்தனை செலவு நமக்குக் கட்டுப்படியாகாது. சென்னையில் 578 பேரிடம் நடந்த 'டி-கிளிப்' ஆய்வு அதையே குழு வகுப்பாக்கி, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின் சேர்த்தது. 2016-ல் வெளியான அதன் முடிவு: 32% குறைவு.

இதற்கும் முன்பே, 2006-ல், மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட இந்திய ஆய்வு இன்னும் சுவையானது. வாழ்க்கைமுறை மாற்றத்தால் நீரிழிவு 28.5% குறைந்தது, பங்கேற்றவர்களின் எடையோ ஏறக்குறைய மாறவேயில்லை! எடைக் கருவியை மட்டும் நம்பும் மருத்துவமனை அதைத் தோல்வி என்றே எழுதியிருக்கும்.

புழலுக்கு வருவோம். செங்குன்றம் அரிசி ஆலைகளில் மூட்டை சுமப்பவரும், எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவரும் காலை பத்து மணி வகுப்புக்கு வர வேண்டுமானால் அன்றைய கூலியை இழக்க வேண்டும். பொருளாதாரத்தில் இதை 'வாய்ப்புச் செலவு' என்போம். நான் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்த பாடம். இலவசத் திட்டம் அவர்களுக்கு இலவசமல்ல. லாரிகள் விரையும் ஜி.என்.டி. சாலையோரம் நடைப்பயிற்சி செய்யச் சொல்வதும் எளிதன்று. இத்தகையோருக்குக் கைபேசி உதவலாம்: 537 ஆண்களிடம் குறுஞ்செய்தி வழியே நடத்தப்பட்டு 2013-ல் வெளியான இந்திய ஆய்வு 36% குறைவைக் காட்டியது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் 40.4% பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடுதோறும் மாத்திரையைக் கொண்டுசேர்க்கிறது. அது நோய் வந்த பிறகான சேவை. அதே தன்னார்வலர்களைக் கொண்டு, நோயின் விளிம்பில் நிற்பவர்களுக்கு மாலை நேரக் குழு வகுப்புகளை நடத்தலாம். ஆனால், கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டும். மாத்திரைக்கு இருக்கும் நிதி ஒதுக்கீடு பேச்சுக்கும் இருக்கட்டும். புழலிலேயே தொடங்கிப் பார்க்கலாம்.