சலுகை போதாது, சட்டம் வேண்டும்!

சிறு குழந்தைகளாகப் பெற்றோருடன் அமெரிக்காவுக்கு வந்து, அங்கேயே படித்து வளர்ந்து, உழைத்துப் பிழைக்கும் லட்சக்கணக்கான வாலிபர்களுக்கு அந்நாட்டுப் பிரஜா உரிமை கிடையாது. பெரும்பாலோர் மெக்ஸிகோவில் பிறந்த ஏழை உழைப்பாளிகளின் மக்கள்.

இத்தகைய குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவை அடைக்கக் கூடாது என்று 1982-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. அனுமதிப் பத்திரம் இல்லாதவரைத் தெரிந்தே வேலைக்கு வைப்பது குற்றம் என்றது 1986-ம் ஆண்டுச் சட்டம். படிக்கலாம், பிழைக்கக் கூடாது! இதுதான் அங்குள்ள நியாயம்.

அதனால் முதலாளிகள் இவர்களை வேலைக்கு வைக்காமல் விட்டார்களா? இல்லை. வேலை வாங்கினார்கள், கூலியைக் குறைத்தார்கள், வாய் திறந்தால் நாடு கடத்தப்படுவாய் என்று மிரட்டினார்கள். கலிபோர்னியாவில் சங்கத்துக்குத் துணை நின்ற ஒரு தொழிலாளி நீக்கப்பட்டார். அது சட்டவிரோதம் என்று தொழிலாளர் போர்டு கூறியது. ஆனால் அவரிடம் பத்திரம் இல்லை, ஆகவே இழந்த சம்பளம் தர வேண்டியதில்லை என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. முதலாளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த வாலிபர்களுக்கு நிரந்தர உரிமை தரும் மசோதா 2010-ல் செனட் சபையில் போதிய ஓட்டின்றி நின்றுபோயிற்று. அவர்கள் வீதிக்கு வந்து போராடினார்கள். 2012 ஜூன் 15-ல் ஒபாமா சர்க்கார் ஒரு சலுகையை அறிவித்தது. 16 வயதுக்கு முன் வந்து, 2007 ஜூன் முதல் தொடர்ந்து வசிப்போர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, இரண்டாண்டுக்கு நாடு கடத்தப்படமாட்டார்கள். வேலை அனுமதி உண்டு. தவணை முடிந்தால் புதுப்பிக்கலாம். சுமார் 8 லட்சம் பேர் பலனடைந்தார்கள்.

உத்தரவால் வந்தது உத்தரவால் போகும். 2017-ல் டிரம்ப் சர்க்கார் இதை ரத்துச் செய்தது. ரத்துச் செய்த முறை தவறு என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தடுத்தது. 2021-ல் டெக்ஸாஸ் பெடரல் கோர்ட் திட்டமே செல்லாது என்றது. புதியவர்களுக்குக் கதவு அடைபட்டது. வேலை அனுமதி சட்டத்துக்கு முரண் என்று 2025 ஜனவரியில் அப்பீல் கோர்ட்டும் கூறியது. ஆண்டுக்கணக்கில் பதிலியாகவே காலம் தள்ளும் மில் தொழிலாளிக்கு இந்த வேதனை நன்றாக விளங்கும்.

உள்நாட்டார் வேலையை இவர்கள் பறிக்கிறார்கள் என்று ஆளும் வர்க்கம் கூவுகிறது. பொய்! கூலியை அறுப்பது தொழிலாளியின் பயம். ஒருவன் பயந்து குறைந்த கூலிக்கு உழைத்தால் பக்கத்திலிருப்பவன் கூலியும் சரியும். 1986-ம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்த ஏ.எப்.எல்.-சி.ஐ.ஓ. சம்மேளனமே இதை உணர்ந்து, 2000-ல் அந்தத் தண்டனை விதிகளை ரத்துச் செய்யக் கோரியது.

இரண்டாண்டுத் தவணைச் சீட்டு போதாது. நிரந்தரக் குடியுரிமையும், அச்சமின்றிச் சங்கம் சேரும் உரிமையும் சட்டமாக வேண்டும். இதற்காகப் போராடும் அமெரிக்க உழைப்பாளிகளுக்கு நமது ஆதரவு உரித்தாகுக!