மெய்யழகனும் எங்கப்பாவும்

2024 செப்டம்பர் கடைசி. தஞ்சாவூர்ல ராத்திரி ஆட்டம், அப்பாவோட 'மெய்யழகன்'. கார்த்தியோட பேர் ஞாபகம் வராம அரவிந்த்சாமி முழிக்க முழிக்க தியேட்டரே சிரிச்சுது. பின் வரிசைல ஒருத்தர் மட்டும் "இழுக்குறானுங்கப்பா"ன்னு கொட்டாவி விட்டுட்டே இருந்தார்.

அவர் குரல் கேட்டுடுச்சு போல, சில நாள்லயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டிட்டாங்க. எனக்கு இதுல சுத்தமா உடன்பாடில்லை. 1996ல சொத்துத் தகராறுல வீட்டை இழந்து ஊரை விட்டுப் போனவர், 22 வருஷம் கழிச்சு நீடாமங்கலம் கல்யாணத்துக்கு வர்றார். ராத்திரி முழுக்கப் பேசித்தானே ஆகணும்? (சென்னைல குப்பை கொட்டுற எனக்கே ஊருக்கு வந்தா சகஜமாப் பேச ஒரு நாள் ஆகுது.)

எங்க தாத்தா வீடும் பாகப்பிரிவினைல போனதுதான். அப்பா அதைப் பத்தி வாயே திறந்ததில்லை. அன்னிக்கு சைக்கிள் கதை வந்தப்ப கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார். வெளிய வந்து பைக்கை எடுத்ததும், "அந்த வீட்டுத் தெரு வழியா போடா"ன்னார்.