பழைய இரும்புக்குப் போகும் முன்

இந்த மாதமே செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தள்ளிப்போட்டால் கைவிட்டுப் போய்விடும். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. ஹைதராபாத்தின் மாதாபூரிலும் கச்சிபௌலியிலும் நாம் நாள்தோறும் தட்டிக்கொண்டிருந்த அலுவலகக் கணினிகளில் பழையவை விண்டோஸ் 11-ஐ ஏற்காது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப் என்றால் அதற்குக் கதவு சாத்தியாயிற்று. கூடுதல் பணம் கட்டி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டும் நிறுவனங்கள் உண்டு. மற்றவை அந்தக் கணினிகளைக் கழித்துக்கட்டுகின்றன. மதர்போர்டு நன்றாக இருக்கிறது, ராம் நன்றாக இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் உயிர் வருகிறது. இருந்தும் அவை ஸ்டோர் ரூமில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு லாரிக்குக் காத்திருக்கின்றன.

தோழர்களே, கணினிகளைக் கேபிளால் கோத்து ஒரே அறையில் சேர்ந்து ஆடும் நம் லேன் பார்ட்டிக்கு வேண்டியது அந்தக் கணினிகள்தான்.

நம் கூட்டம் எப்படி வளர்ந்தது என்பதைக் கூட இருந்து பார்த்தவர்கள் நீங்கள். முதலில் ஒரு வாடகை வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேசையில் நான்கு பேர். பிறகு ஒரு அடுக்ககத்தின் கிளப் ஹவுஸ். இன்று அறிவிப்பு போட்ட ஒரு மணி நேரத்தில் இடம் நிரம்பிவிடுகிறது. தெலுங்கும் தக்கனியும் தமிழும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் கத்துகின்றன. “நக்கோ பாய்” என்று ஒருவர் அலறினால், ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ ஆட்டத்தின் டஸ்ட் 2 களத்தில் எந்த மூலையில் ஆள் செத்தான் என்பது மூன்று மொழிக்காரருக்கும் தெரிகிறது. இந்த வளர்ச்சியில் எனக்குப் பெருமைதான். ஆனால் வருகிறவர்கள் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் சொந்தமாக கேமிங் கணினி வைத்திருப்பவர்கள், அதைத் தூக்கிவர வண்டி உள்ளவர்கள். கிராபிக்ஸ் கார்டு விற்கிற விலையில் அது எத்தனை வீடுகளுக்குக் கட்டுப்படியாகும்? சென்ற முறை வாசலில் நின்று எட்டிப் பார்த்த காவலாளியின் மகனை உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள். அவனை உள்ளே கூப்பிட்டோம், நாற்காலியும் போட்டோம். உட்காரவைக்கக் கணினி இல்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனான்.

இந்த ஊரில் முன்பு நிலைமை அப்படி இல்லை. சைபர் டவர்ஸ் ஐடி வளாகம் திறந்தது 1998-இல். அதற்கு அடுத்த ஆண்டில்தான் ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’கின் முதல் சோதனைப் பதிப்பு, ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’, ‘குவேக் 3’ மூன்றும் வந்தன. அமீர்பேட்டை மைத்ரிவனத்தைச் சுற்றிய தெருக்களில் ஜாவா படிக்க வந்து, ஹாஸ்டல் அறையில் ஆறு பேரோடு படுத்துக் கிடந்த தமிழ்ப் பையன்கள் எத்தனை பேர்! அவர்களில் யாரிடமும் சொந்தக் கணினி கிடையாது. சிஃபி ஐ-வே, ரிலையன்ஸ் வெப்வேர்ல்டு போன்ற தொடர் மையங்களும், சந்துக்குச் சந்து மாடிப்படி ஏறிப் போகும் சின்ன கஃபேக்களும்தான் அவர்களுக்கு வாசல். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பிளேட் டிபன் காசு. பணக்கார வீட்டுப் பையனுக்கும் ஹாஸ்டல் பையனுக்கும் அதே தேய்ந்த மவுஸ், அதே இணைப்பு. ஜெயிப்பதும் தோற்பதும் கையில் இருந்தது.

பின்னர் வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்தது, கைக்குக் கை மொபைல் வந்தது. 2011-இல் வந்த சைபர் கஃபே விதிகள் அடையாள அட்டை, பதிவேடு, தடுப்பின் உயரம் என்று எல்லாவற்றையும் வரையறுத்தன. பாதுகாப்புக்கு அவை தேவைப்பட்டிருக்கலாம். சின்னக் கடைக்காரருக்குப் பாரமாகிவிட்டன என்பதும் உண்மை. கஃபேக்கள் ஒவ்வொன்றாக மூடின, சொந்தக் கணினி இல்லாதவன் ஆடிய இடமும் அவற்றோடு போயிற்று.

2022 நவம்பரில் ஹைடெக்ஸ் அரங்குக்கு ட்ரீம்ஹேக் என்ற கேமிங் திருவிழா வந்தது, அடுத்த ஆண்டும் வந்தது. போனோம், வாய்பிளந்து பார்த்தோம். ஆனால் ட்ரீம்ஹேக் எங்கே பிறந்தது என்பதை நினைவில் வையுங்கள். 1990-களின் தொடக்கத்தில், ஸ்வீடனின் மாலுங் என்ற சிற்றூரில், ஒரு பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் நண்பர்கள் கணினிகளைக் கொண்டுவந்து கோத்தார்கள். பிறகு இடம் போதாமல் பள்ளி உணவுக்கூடத்துக்கு மாறினார்கள். யோன்ஷோப்பிங் நகரில் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கூரையின் கீழ் ஓடியது பிற்பாடு நடந்த கதை. இந்த ஊரில் எத்தனை பள்ளிக்கூடங்கள் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கின்றன!

“பழைய கணினியில் என்ன ஆட முடியும்?” என்று கேட்கிறீர்கள். இதில்தான் நம்மில் பலருக்குத் தயக்கம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லேனுக்கு வேண்டியது வேகமான கணினி அல்ல, பக்கத்தில் இருக்கும் கணினி. கேபிள் வழியாக ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் கோத்த இரண்டு கணினிகளுக்கு இடையில் பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், ஒரு மில்லி விநாடியைத் தொடாது. மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சர்வரோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அந்தச் சுகம் தெரியாது. பத்து வருடத்து அலுவலகக் கணினியில் லினக்ஸ் ஏற்றினால் ‘ஓப்பன் அரீனா’ ஓடும், ‘ஓப்பன்ஆர்ஏ’ ஓடும், குழந்தைகளுக்கு ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ ஓடும். எல்லாமே காசில்லாமல், சட்டப்படி கிடைப்பவை. திருட்டு நகல் ஒன்றுகூட நம் அறைக்குள் வரவேண்டியதில்லை. ‘குவேக் 3’-இன் மூல நிரலை 2005-இல் அதன் நிறுவனமே பொதுவில் திறந்துவிட்டதால்தான் ‘ஓப்பன் அரீனா’ உருவாக முடிந்தது. மாறாக ‘தி க்ரூ’ என்ற கார்ப் பந்தய ஆட்டத்துக்கு 2024 மார்ச் 31-இல் என்ன நடந்தது? நிறுவனம் சர்வரை அணைத்தது. காசு கொடுத்து வாங்கியவர்களால்கூட அதன்பின் ஆட முடியவில்லை. ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த வழக்கத்துக்கு எதிராகக் கையெழுத்திட்டார்கள். நம் மேசையில் உள்ள சர்வரை எவரும் அணைக்க முடியாது.

அடுத்து மின்சாரம். போன தடவை மின்சுமை தாங்காமல் இரண்டு முறை எம்சிபி விழுந்து, ஆட்டம் பாதியில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு கேமிங் கணினி மானிட்டரோடு சேர்ந்து ஐந்நூறு வாட் இழுக்கும். வீட்டுச் சுவரில் உள்ள ஆறு ஆம்பியர் பிளக் தாங்குவது சுமார் 1,300 வாட். இரண்டு கணினிக்கு மேல் அதில் செருகினால் வம்பு. அலுவலகக் கணினியோ மானிட்டரோடும் சேர்த்து நூறு வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். நான்கு கேமிங் கணினிகளின் மின்சாரத்தில் இருபது பேரை உட்காரவைக்கலாம் தோழர்களே, இருபது பேரை!

ஆகவே ஐடி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் திங்கட்கிழமை காலையில் அட்மின் துறைக்குப் போய்க் கேளுங்கள். அட்மின், ஐடி சப்போர்ட், நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவு, மூன்று பேரிடமும் கேளுங்கள். நேரம் இங்கே முக்கியம். மின்கழிவு என்று ஒருமுறை எழுதிவிட்டால், 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி நிறுவனம் அதைப் பதிவுபெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும், நம் கைக்குத் தர முடியாது. அப்படி எழுதும் முன்பே, ஓடுகிற கணினியாக, ஒரு பள்ளிக்கோ பதிவுபெற்ற தொண்டு அமைப்புக்கோ நன்கொடையாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க்கை அவர்களே கழற்றி வைத்துக்கொள்ளட்டும், அவர்கள் அச்சம் நியாயமானது. சிறிய எஸ்எஸ்டி நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். செகந்திராபாத் சினாய் டிரேட் சென்டரில் ஒரு நாள் அலைந்தால் கேபிளும் ஸ்விட்சும் சேர்ந்து கிடைத்துவிடும். லினக்ஸ் ஏற்றத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம், கட்டற்ற மென்பொருளுக்காகப் பல ஆண்டுகளாக இந்நகரில் உழைக்கும் ஸ்வேச்சா தோழர்களை உதவிக்குக் கேட்போம்.

இடம்? பூட்டிய பள்ளிக்கூடங்களைக் கேட்போம். பொறியியல் கல்லூரி லேப்களைக் கேட்போம். பஞ்சாரா ஹில்ஸில் எல்லோருக்கும் கதவு திறந்திருக்கும் லாமகானையும் கேட்போம்.

நேரத்தையும் மாற்றியாக வேண்டும். விடிய விடிய ஆடுவதில் நமக்குப் போதை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்கு எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? காலை பத்து முதல் மாலை ஆறு வரை, கதவைத் திறந்து வைத்து, பெற்றோரும் வந்து உட்காரும்படி ஆடுவோம். பெண்கள் ஏன் வருவதில்லை என்று இனி யாரும் வியக்க வேண்டாம், வரும்படி நாம் வைக்கவில்லை.

செலவுக்காக, பணம் வைத்து ஆடும் செயலிகள் விளம்பரப் பலகைக்குத் தரும் காசு நமக்கு வேண்டாம். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் பண ஆட்டங்களைத் தடைசெய்துவிட்டது. தடை வராமல் இருந்திருந்தாலும் அந்தப் பலகையை நம் சுவரில் மாட்ட நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

இதையே தெலுங்கிலும் தக்கனியிலும் மற்றத் தோழர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் சொல்வது என் பங்கு. மேட்டுகூடாவிலும் பத்மாராவ் நகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களே, போன வருடம் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர்களே, இது உங்களுக்கும்தான்.

கேட்டு வாங்கிய கணினி ஒன்றாவது இல்லாமல் அடுத்த சனிக்கிழமை யாரும் வராதீர்கள். கிடைக்காவிட்டால் கீபோர்டு கொண்டுவாருங்கள், மானிட்டர் கொண்டுவாருங்கள், கிரிம்பிங் பிளையர் கொண்டுவாருங்கள். காவலாளியின் மகனை அழைத்துவருவதாக நான் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் உட்காரப் போகும் கணினி இன்றைக்கு உங்களில் ஒருவரின் அலுவலக ஸ்டோர் ரூமில் இருக்கிறது. போய்க் கேளுங்கள்.