மனநிறைவுக் கணிப்பு

சென்ற பருவத்தின் இறுதியில் ஒருநாட் காலை, திருவான்மியூரிற் பறக்கும் இரயில் ஏறிய எனது கைப்பேசிக்கு வினாத்தாளொன்று வந்தது. வகுப்புக்கள் மனநிறைவு தந்தனவா என்பதே அதன் பொருள். வண்டி இந்திரா நகரைச் சேருமுன் எல்லாவற்றிற்கும் ‘நன்று’ எனக் குறித்து முடித்தேன். ஒன்றையேனும் முற்றப் படித்திலேன்.

கல்லூரிகளின் தரங்காண 1994இல் நிறுவப்பெற்ற ‘நாக்’ என்னுந் தேசியக் குழு, 2017இல் திருத்திய தன் முறையில் மாணவர் மனநிறைவுக் கணிப்பையுஞ் சேர்த்தது. அதன்கண் 20 வினாக்கட்கு ஐந்து விடைகளுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும். இறுதி வினாவொன்றே சொந்தச் சொல்லுக்கு இடந்தருவது. நோக்கம் போற்றற்குரியதே. ஆயினும், எண்ணானது குறையுண்டென்று காட்டுமேயன்றி இன்ன குறையென்று காட்டாது.

13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவரோ, ஆசிரியராகாதாரை நான்கு உவமைகளால் நன்னூலில் வகுத்துரைத்தார். இட்ட முறை பிறழக் காய்களைக் கொட்டுவது கழற்குடம். எவரையும் அணுகவிடாது தானாகவே கனியுதிர்ப்பது மடற்பனை. வருந்திப் பெறினுஞ் சிறிதுசிறிதே தருவது பருத்திக்குண்டிகை. நீர் வார்த்தவனை விடுத்து அயலானுக்குக் காய்ப்பது முடத்தெங்கு. நோய் நான்காதலின் மருந்தும் நான்காம்.

ஆதலின், பருவத்தின் நடுவிலேயே, பெயர் வேண்டாத துண்டுத்தாளில், பாடம் முறைப்படி செல்கின்றதா, ஐயங்கேட்க அணுக முடிகின்றதா என இத்தகைய நான்கு வினாக்களே கேட்கப்படுதல் நலம். இறுதியிற் கூறுங் குறை நமக்குப் பின் வருவார்க்கே உதவும். நடுவிற் கூறுவது அவ்வகுப்பிலேயே மீண்டும் அமரும் நமக்கும் உதவும்.

பவணந்தியார் மாணாக்கரையும் விட்டாரல்லர். செடிதோறும் நுனிமேய்ந்து செல்லும் ஆட்டைக் கடைமாணாக்கர்க்கு உவமையாக்கினார். அன்று இரயிலில் யான் செய்ததும் அம்மேய்ச்சலே. கேட்பார் திருந்தக் கேட்க. நாமும் படித்துணர்ந்து மெய்யே விடையளிப்போமாக.