சட்டியில் ஒரு பைன் மரம்

ஜப்பானியர் சட்டியில் குட்டையாக வளர்க்கும் மரத்துக்குப் 'போன்ஸாய்' என்று பெயர். அவற்றுள் பைன் என்னும் ஊசியிலை மரத்தின் பேரில் நம்மவர் சிலருக்கும் ஆசை பிறந்திருக்கிறது. மார்கழி வந்ததும், "குளிர் தாங்குமோ?" என்று அஞ்சி அதைக் கூடத்துக்குள் கொண்டுபோய் வைத்து விடுகிறார்கள். இந்தத் தயவே மரத்துக்கு எமனாக முடிகிறது.

பனி உறையும் தேசங்களில்கூட இம்மரம் குளிரால் மட்டும் சாவதில்லை. பல சமயம் தாகத்தால் சாகிறது. சட்டி மண்ணிலுள்ள ஜலம் உறைந்துவிட்டால் வேர் அதைப் பருக இயலாது. வாடைக் காற்றோ இலைகளின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகையால் அங்குள்ளோர் சட்டியைத் தரையில் புதைத்துக் காற்றுக்கு மறைவு கட்டுகிறார்கள்.

சேலம், நாமக்கல் சமவெளியில் உறைபனி ஏது? மார்கழி இரவிலும் உஷ்ணம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. குளிர்காலத்தில் உறங்கிப் பழகிய பைன் இங்கே ஓய்வின்றி நாளடைவில் நலிந்து போகிறது. அதை வைத்திருப்போர் வீட்டுக்கு வெளியே வெயிலில் விடவேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே ஜலம் வார்க்க வேண்டும். சட்டியின் அடித் துவாரம் அடைபடாமல் பார்க்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் உறவினர் இருந்தால், அங்கே அனுப்பிவிடுவது இன்னும் நலம்.

புதிதாகத் தொடங்குவோருக்கு நாம் சொல்வது வேறு. கிணற்றுச் சுவரின் வெடிப்பில், பிடி மண்ணுமின்றி, ஆலும் அரசும் தழைப்பதை நாம் காண்கிறோம் அல்லவா? சட்டி வாழ்வு அவற்றுக்குச் சிரமமே அல்ல. ஜப்பானியரின் கைத்திறனைக் கற்று நம் ஆலங்கன்றில் காட்டுவோமானால், அது நம் கோடைகளைத் தாண்டிப் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.