பேப்பரின் பர்ஸை காலி செய்தது யார்?

இன்டர்நெட்டில் செய்தி ஓசியில் கிடைச்சதால்தான் பேப்பர் படுத்துடுச்சு என்பார்கள். அது பாதிக் கதைதான். மீதி, வரி விளம்பரத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் வீடு வாடகைக்கு, பழைய கார் விற்பனைக்கு, வேலைக்கு ஆள் தேவை என எல்லாமே ஒருகாலத்தில் உள்ளூர் பேப்பரில்தான் வரும். நிருபர் சம்பளம், அச்சுச் செலவு என பெரும்பங்கைத் தாங்கியது விளம்பரப் பணம். வாசகர் கொடுத்த காசு அதைவிடக் குறைவு.

1995-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய மெயில்தான் 'கிரெய்க்ஸ்லிஸ்ட்'. அடுத்த ஆண்டே அது இணையதளமானது. காசு கொடுத்துப் போட்ட வரி விளம்பரங்களை அங்கே பெரும்பாலும் இலவசமாகவே போட முடிந்தது. பெரிய விளம்பரங்களும் கூகுள், ஃபேஸ்புக் பக்கம் நகர்ந்தன. பொருளாதார மந்தமும் சேர்ந்து அடிக்க, 2009 பிப்ரவரியில் டென்வரின் 'ராக்கி மவுன்டன் நியூஸ்' மூடப்பட்டது. அதன் 150-வது பிறந்தநாளுக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை.

தப்பித்தவர்கள்? 2011-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பேவால் போட்டது. மாதம் 20 கட்டுரைகள் ஃப்ரீ, அதற்கு மேல் சந்தா. இன்று அதன் டிஜிட்டல் சந்தாதாரர்கள் 1 கோடிக்கும் மேல்.

ஆனால், இந்த ஃபார்முலா எல்லோருக்கும் செட் ஆகாது. உலகச் செய்திக்குப் பணம் கட்ட உலகம் முழுக்க ஆள் உண்டு. சின்ன ஊரின் நகராட்சிக் கூட்டத்தில் போய் உட்காரும் நிருபருக்கு யார் சம்பளம் கொடுப்பது? அதைத்தான் அந்த வரி விளம்பரங்கள் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்தன.