நான்கு தந்தியில் ஒரு மோகனம்



இசை கற்க ஆசை இருந்தும் ‘இனிமேல் எங்கே’ என்று ஒதுங்கி நிற்பவர்களுக்காக இந்த மாதப் பக்கம். வயலின் என்றால் வில் பிடித்துப் பழகவே மாதங்கள் ஓடிவிடும். எஃகுத் தந்தி கிதார் விரல் நுனியைப் பதம் பார்க்கும். கிதார் போன்ற சிறு வாத்தியமான யுகுலேலேயில் இருப்பதோ நான்கே நைலான் தந்தி. வாங்கிய அன்றே ஒரு கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது) வாசித்துவிடலாம்.

ஹவாய் வாத்தியம் என்று பெயர் வாங்கினாலும் இதன் பூர்விகம் போர்ச்சுகலைச் சேர்ந்த மதீரா தீவு. அங்கிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிவந்த கப்பல் ஒன்று 1879 ஆகஸ்டில் ஹவாயின் ஹொனலுலுவை அடைந்தது. அதில் வந்திறங்கிய மானுவல் நூனெஸ் முதலான மூன்று தச்சர்கள், தங்கள் ஊர்ச் சிறு வாத்தியத்தை மனதில் வைத்து உருவாக்கியதுதான் இது. ஹவாயில் விளையும் கோவா மரம் அதற்கு வாகாக அமைந்தது. ஹவாய் மன்னர் கலாகவுவாவுக்குப் பிடித்துப்போக, அரண்மனைக்குள்ளும் நுழைந்துவிட்டது.

கடையில் சொப்ரானோ, கான்சர்ட், டெனர், பாரிடோன் என்று நான்கு அளவு காட்டுவார்கள். விரல் சற்றுத் தடிமன் என்றால் கான்சர்ட் வாங்குங்கள்; குழந்தைகளுக்குச் சொப்ரானோ போதும். பாரிடோனின் சுருதியே வேறு, இப்போதைக்கு வேண்டாம். அழகான வண்ணத்தைப் பார்த்து ஏமாறாமல், கழுத்தில் குறுக்கே உலோகக் கம்பிகள் பிரிக்கும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். கரகரத்தால் வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மேலிருந்து கீழாகத் தந்திகள் ஜி, சி, ஈ, ஏ. சி-யை ஷட்ஜமாக, அதாவது ஒரு கட்டை சுருதியில், வைத்துக்கொண்டால் அவை ப, ச, க, த. மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்களில் நான்கு விரலே வைக்காமல் கிடைத்துவிட்டன! ரிஷபம் சி தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில். மேல் ஷட்ஜம் ஏ தந்தியின் 3ஆம் ஃபிரெட்டில். வழக்கமான யுகுலேலேயில் மேலேயுள்ள ஜி தந்தி சி-யைவிட உயர்ந்து ஒலிப்பதால் பஞ்சமமும் சரியான ஸ்தாயியில் விழுகிறது. மெதுவாக ஆரோகணம் வாசித்துப் பாருங்கள். கமகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள், இந்தக் குட்டித் தந்திக்கு அது ஆகாத காரியம்.

மேல் ஷட்ஜத்தில் இடக்கை மோதிர விரலை வைத்துக்கொண்டு நான்கு தந்தியையும் வலக்கை ஆள்காட்டி விரல் நகத்தால் மேலிருந்து வருடினால், அதுதான் சி மேஜர் கார்டு. விரலை எடுத்துவிட்டு, நடுவிரலை ஜி தந்தியின் 2ஆம் ஃபிரெட்டில் வைத்தால் ஏ மைனர். அதோடு ஆள்காட்டி விரலை ஈ தந்தியின் முதல் ஃபிரெட்டில் சேர்த்தால் எஃப். ஃபிரெட்டின் உலோகக் கம்பியின் மேலேயே அழுத்தாமல், அதை ஒட்டி வாத்தியத்தின் தலைப்பக்கமாக அழுத்துங்கள். இடக்கை நகங்களை வெட்டிவிடுங்கள்.

பலர் கைவிடுவது சுருதி விஷயத்தில்தான். புது நைலான் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும்; காலையில் சேர்த்த சுருதி மாலையில் இறங்கியிருக்கும். வாத்தியம் பழுதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வாத்தியத்தின் தலையில் மாட்டும் சிறு டியூனர் ஒன்று வாங்கி, எடுக்கும்போதெல்லாம் சுருதி சேருங்கள். தந்தி தானே அடங்கிவிடும்.

தொடங்கியவர்கள், முதலில் எந்தப் பாட்டைப் பிடித்தீர்கள் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்